சாய்ந்த கார் ஷெட் சுவர்: பூசி நேராக்கித் தருபவர்களிடம் உஷார்

"இடிக்க வேண்டாம் சார், ரெண்டு பில்லர் கொடுத்து நேராக்கிடலாம்" என்று யாராவது சொன்னால், முன்பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சென்னைப் புறநகர், களிமண் தரை. 20 அடி நீளம், 7 அடி உயரத்தில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். பக்கத்து மனையில் மூன்றடி மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். ஒரே மழைக்காலம், சுவர் ஷெட் பக்கம் 3 இஞ்ச் சாய்ந்தது. ஒப்பந்தக்காரர் முக்கால்வாசிப் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டு, நாலே நாளில் வேலையை முடித்தார். தூக்குக்குண்டு விட்டால் அச்சு பிசகாத நேர்! அடுத்த மழைக்குப் பூச்சு வயிறு தள்ளியது. பில்லரை ஒட்டி மேலிருந்து கீழ்வரை வெடிப்பு.

உடைத்துப் பார்த்தால், சுவர் இம்மிகூட நிமிரவில்லை. கோழிவலை அடித்து, மேலே ஒன்றுமில்லாமல் தொடங்கிக் கீழே 3 இஞ்ச் வரை கலவையை அப்பிச் சாய்வை மறைத்திருக்கிறார்கள். 140 சதுர அடிக்கு அது சுமார் ஒரு டன். அந்தப் பாரம் முழுக்க இறங்குவது, ஏற்கெனவே அமுங்கிய அதே அஸ்திவார ஓரத்தில். பில்லருக்குக் குழியே எடுக்கவில்லை. நாலு 8 எம்எம் கம்பியின் நுனியை மடக்கி, தரை கான்கிரீட் மேல் அப்படியே உட்கார வைத்திருந்தார்கள். சுவரோடு பிணைக்க அடித்த கம்பிகளும் கையால் இழுத்தால் கழன்று வந்தன.

ஒன்பது இஞ்ச் சுவர் ஈரக் களிமண்ணைத் தாங்கக் கட்டியதல்ல. மண்ணைக் கவனிக்காமல் சுவரில் எதைச் செய்தாலும் காசுதான் வீண். பக்கத்து வீட்டாரிடம் பேசி மண்ணை வெட்டி விலக்க வேண்டும். முடியாதென்றால், பொறியாளர் கணக்குப்படி கம்பி கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவர்தான். அதிலும் பின்புறம் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, ஐந்தடிக்கு ஒன்றாக 3 இஞ்ச் பிவிசி குழாய் வைத்துத் தண்ணீருக்கு வழி விடாவிட்டால் கதை பழையபடிதான்.

எந்த அளவு சாய்வு ஆபத்து? உச்சியில் சாய்வு, சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் எல்லை. ஒன்பது இஞ்ச் சுவருக்கு 3 இஞ்ச், நாலரை இஞ்ச் சுவருக்கு ஒன்றரை இஞ்ச். அதைத் தாண்டினால் மறுபுற அடியில் இழுவை (கட்டைப் பிய்த்து இழுக்கும் விசை) வரும். செங்கல் கட்டு இழுவை தாங்காது. மேலே சொன்ன சுவர் எல்லையிலேயே நின்றது. மண்ணும் தள்ளும்போது இடித்துக் கட்டுவதுதான் சரி, செலவும் பெரும்பாலும் குறைவு. ஷீட் கூரையின் பைப்புக்கு முதலில் முட்டுக் கொடுக்காமல் யாரையும் சம்மட்டி எடுக்க விடாதீர்கள்.

சாய்வு குறைவு, மண்ணும் தள்ளவில்லை என்றால் பில்லர் உதவும். ஆனால் இருக்கிற இடத்தில் பிடித்து நிறுத்துமே தவிர, நிமிர்த்தாது. எட்டடிக்கு ஒன்று, நாலு 12 எம்எம் கம்பி, அவற்றைச் சுற்றி 6 இஞ்சுக்கு ஒரு 8 எம்எம் ரிங், அடியில் குழி எடுத்துத் தனி ஃபுட்டிங் (கான்கிரீட் அடித்தளம்). குழிகளைச் சுவர் நெடுக ஒரே நாளில் தோண்டினால் சுவர் குழிக்குள்ளேயே வந்துவிடும். ஒன்றைத் தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகிய பிறகே அடுத்தது.

வெடிப்பு இன்னும் விரிகிறதா என்று பார்க்க, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்: குழியின் ஆழத்தை டேப் வைத்து அளந்த பிறகு ஒரு பங்கு, கம்பி கட்டியதைப் படம் எடுத்த பிறகு ஒரு பங்கு. பூச்சு வேலைக்குத் தனி ரேட் பேசி, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.