காமா வெடிப்பு அறிவிப்புகள்: ஃபெர்மி ஒரு வட்டம், ஸ்விஃப்ட் ஒரு புள்ளி

வானில் திடீரெனத் தோன்றி மறையும் காமா கதிர் வெடிப்புகளின் பின்னொளியை, அதாவது வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியை, தேடுவோருக்காக நாசா நடத்தும் ஜி.சி.என். என்னும் இலவச அறிவிப்புச் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். எந்தச் செயற்கைக்கோளின் செய்திகள் வேண்டும் என்று குறித்து வைத்தால் போதும். வெடிப்பு பதிவான சில நொடிகளிலேயே முதல் தகவல் வந்துவிடும். வேகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால், அந்தத் தகவலைக் கொண்டு தொலைநோக்கியைத் திருப்ப முடியுமா என்பது அதை அனுப்பிய கருவியைப் பொறுத்தது.

மிகுதியாக வருபவை 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோளின் செய்திகள். அதிலுள்ள வெடிப்புக் கண்காணிப்பி, பூமி மறைக்காத வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்து, ஆண்டுக்குச் சுமார் 240 வெடிப்புகளைப் பிடிக்கிறது. அது படம் எடுப்பதில்லை. வெவ்வேறு திசை நோக்கிப் பொருத்தப்பட்ட 12 சோடியம் அயோடைடு உணரிகளில் எதில் எத்தனை காமா துகள்கள் விழுந்தன என்று ஒப்பிட்டே திசையைக் கணிக்கிறது. எந்தச் சுவர் அதிகம் சூடாகியிருக்கிறது என்று தொட்டுப் பார்த்து வெயில் வந்த பக்கத்தைச் சொல்வது போன்ற முறை இது. பூமியின் வளிமண்டலத்தில் பட்டுச் சிதறி வரும் கதிர்களும் அந்தக் கணக்கைக் குழப்பும். ஆகவே இடப்பிழை பல பாகைகள் வரை இருக்கும். ஐந்து பாகை ஆரமுள்ள வட்டம் ஏறத்தாழ 400 முழுநிலவுகளின் பரப்புக்குச் சமம் என்றால், சிறிய பார்வைப்புலம் கொண்ட தொலைநோக்கி அதில் என்ன செய்யும்?

ஒரே வெடிப்புக்கு ஃபெர்மியிலிருந்து பல செய்திகள் வரும்: முதலில் விண்கலத்திலேயே கணித்த இடம், பிறகு தரையில் திருத்திய இடம், இறுதியில் மேலும் சீராக்கிய இடம். அடுத்தடுத்து வரும் செய்திகளில் இடம் சில பாகைகள் நகர்வதும் உண்டு. இவற்றில் குறிக்கப்படும் பிழை ஆரம் புள்ளியியல் பிழை மட்டுமே என்பதையும், கருவி முறையால் வரும் பிழையை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆயினும், எங்கே என்று துல்லியமாகச் சொல்ல இயலாத இக்கருவிதான், 2017 ஆகஸ்டு 17 அன்று நியூட்ரான் விண்மீன்களின் இணைப்பிலிருந்து ஈர்ப்பலை வந்து முடிந்த 1.7 நொடியில் வெடிப்பைப் பதிவு செய்தது. அகலமாகப் பார்ப்பதன் பலன் அது.

2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் செய்தி வந்தால் நிலைமையே வேறு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஈயத் தகடுகளை ஒழுங்கற்று அடுக்கிய திரை ஒன்று உணரித் தளத்தின் மேல் நிற்கிறது. அதன் நிழல் தளத்தில் எப்படி விழுகிறது என்பதை வைத்து, வெடிப்பின் இடத்தைச் சில கலைகள், அதாவது ஒரு பாகையின் அறுபதில் சில பங்குகள் என்ற துல்லியத்தில் விண்கலமே கண்டுபிடித்துவிடுகிறது. பிறகு யாரையும் கேட்காமல் தன்னையே அத்திசைக்குத் திருப்பி, எக்சு கதிர்த் தொலைநோக்கியால் சில விகலை (ஒரு விகலை என்பது கலையின் அறுபதில் ஒரு பங்கு) வரை நெருங்குகிறது. அந்தத் திருப்பம் பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்கு ஸ்விஃப்ட் கொடுக்கும் விலை, ஃபெர்மியை விடக் குறுகிய பார்வை. பிடிபடும் வெடிப்புகளும் ஆண்டுக்கு நூறை ஒட்டியவை மட்டுமே.

துல்லியமான இடம் கிடைத்தாலும் அடையாளம் தவறலாம். 2022 அக்டோபர் 9 அன்று ஃபெர்மி பதிவு செய்த மாபெரும் வெடிப்பின் பின்னொளியை ஸ்விஃப்ட் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துக் கண்டபோது, அது பால்வழித் தளத்தை ஒட்டியிருந்ததால், நம் விண்மீன் மண்டலத்தின் புதிய எக்சு கதிர் மூலமாக முதலில் அறிவிக்கப்பட்டது. தானியங்கிச் செய்தியோடு நின்றுவிடாமல், வானியலர்கள் எழுதி அனுப்பும் சுற்றறிக்கைகளையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி அந்தச் சுற்றறிக்கைகளே என்பது என் கருத்து.

குறுகிய புலம் கொண்ட கருவி வைத்திருப்பவர்கள் ஸ்விஃப்ட் செய்திகளுக்கு மட்டும் மணி அடிக்கும்படி அமைத்துக்கொள்ளட்டும். ஃபெர்மி செய்திகளை நான் ஒலியில்லாமல் சேமிப்பில் விட்டிருக்கிறேன். அதே நொடியில் வேறொரு கருவியும் வெடிப்பைப் பார்த்திருந்தால் மட்டுமே அவற்றைத் திறக்கிறேன்.