தொடையைக் கவனிக்கிறார்கள், தட்டைக் கவனிப்பதில்லை: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து பிசியோதெரபி மையம் ஒன்று

கோயம்புத்தூரில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வேலந்தாவளம் வழியாகவோ வாளையார் வழியாகவோ ஊர் திரும்பும், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தையல் பிரித்த மறுநாளே எழும் கேள்வி, பிசியோவுக்கு எங்கே போவது என்பதுதான். அறுவை செய்த மருத்துவமனைக்கே வாரம் மூன்று முறை போய்வர வண்டி வாடகை கட்டுப்படியாகாது. ஆகவே இந்த வட்டாரத்திலேயே இருக்கும் மையம் ஒன்றுக்கு, அறுவை முடிந்த மூன்றாவது வாரத்திலிருந்து என் மாமியாரை அழைத்துச் சென்றுவருகிறோம். குறை சொல்லவும் சில இடங்கள் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் இருப்பவை சிலவே என்பதால், இதே நிலையில் உள்ளவர்களுக்கு நான் எழுதுவது எந்த இடத்துக்கும் உரைகல்லாகப் பயன்படும். சுருங்கச் சொன்னால், கால் பலத்தை மீட்பதற்கு இந்த இடத்தை நம்பலாம். எடையைக் குறைப்பதற்கு இவர்கள் தரும் உணவுத்தாளை நம்பக்கூடாது.

பலம் என்று ஏன் சொல்கிறேன் என்பதை முதலில் விளக்க வேண்டும். புது மூட்டு வைத்ததும் நோயாளியின் கவனமெல்லாம் கால் எவ்வளவு மடங்குகிறது என்பதிலேயே இருக்கிறது. ஆனால் அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் தொடையின் முன்பக்கத் தசை தன் பலத்தில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது. பல ஆண்டுகள் வலிக்குப் பயந்து அந்தக் காலைக் குறைவாகவே பயன்படுத்தியதால் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். அறுவையின் வீக்கமும் வலியும் சேர்ந்து, மூளை அந்தத் தசையை முழுதாக இயக்கவிடாமல் தடுத்துவிடுகின்றன. கால் நன்றாக மடங்கியும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு மூட்டில் கோளாறில்லை, தொடையில் பலமில்லை.

இந்த மையத்தின் பயிற்சிக்கூடம் அந்தக் குறையைக் குறிவைத்தே நடக்கிறது. கட்டிலில் படுக்கவைத்து, குதிகாலின் கீழ் உருட்டிய துண்டு ஒன்றை வைத்து, முழங்காலின் பின்புறம் மெத்தையைத் தொடும்படி அழுத்தச் சொல்கிறார்கள். வீட்டில் எல்லோரும் பாசத்தோடு முழங்காலின் கீழே தலையணை வைப்பார்கள். அதை அவர்கள் முதல் நாளே கண்டித்து நிறுத்தினார்கள். முழங்கால் சற்றே மடங்கிய நிலையில் பழகிவிட்டால் பிறகு முழுதாக நீளாது, நொண்டலும் போகாது என்பது காரணம். பிறகு காலை நேராகத் தூக்குவது, குதிகாலை இழுத்து மடக்குவது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. இவை எங்கும் சொல்லித்தருபவைதான். வேறுபாடு அதற்கடுத்த கட்டத்தில் வருகிறது. ஐந்தாவது வாரம் முதல் கணுக்காலில் எடைப்பட்டை கட்டி, அரைக் கிலோவில் தொடங்கி, கடைசி இரண்டு முறை தூக்குவதற்குச் சிரமம் தெரியும் அளவுக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள். வலி எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டுவிட்டு, மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் எடையைக் குறைத்தும், கூடாவிட்டால் ஏற்றியும் செல்கிறார்கள். கிழவி என்று இரக்கப்பட்டு இலேசான பயிற்சியையே மாதக்கணக்கில் செய்யவைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

நான் அருகில் நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் இணைக்கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் உயர மரப்படி ஒன்று, அதன் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். புதுமூட்டுக் காலைப் படிமேல் வைத்து, மற்ற காலால் தரையை உந்தாமல் ஏற வேண்டும். மாமியார் வழக்கம்போலத் தரையிலிருந்த காலால் எக்கினார். சிகிச்சை அளித்த பெண் தன் உள்ளங்கையை அவருடைய தொடைமேல் வைத்து, "அம்மா, இங்க இறுகணும். கீழ இருக்கற காலு சும்மா வரணும்" என்றார். அடுத்த முறை தொடை இறுகியது. கீழ்க்கால் இழுபடாமல் மேலே வந்தது. படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே என்பது வீட்டுப் பாதுகாப்புக்கான விதி. பயிற்சிக்கூடத்தில் அந்த விதியை வேண்டுமென்றே மாற்றித்தான் தசையை வளர்க்கிறார்கள். இந்த வேறுபாட்டை விளக்கிச் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும் என்பதையும் இங்கேதான் திருத்தினார்கள். அதுவரை அத்தை வலிக்கிற பக்கத்திலேயே ஊன்றிக்கொண்டிருந்தார்.

அளப்பதிலும் இவர்கள் சோம்பல்படுவதில்லை. வாரம் ஒருமுறை கோணமானியை முழங்காலின் வெளிப்பக்கத்தில் வைத்து மடக்கத்தையும் நீட்டத்தையும் ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். சமதரையில் நடக்கச் சுமார் 70 டிகிரி மடங்கினால் போதும். படிக்கு 85 முதல் 90 டிகிரியும், நாற்காலியிலிருந்து எழ 95 டிகிரி அளவிலும் வேண்டும். இதைச் சுவரில் எழுதி வைத்திருப்பதால், 110 வந்ததா 120 வந்ததா என்று பக்கத்துக் கட்டில்காரரோடு போட்டிபோடும் பழக்கம் ஓரளவு குறைகிறது. அதைவிடப் பயனுள்ளது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது கணக்கு. 65 முதல் 69 வயதுவரையுள்ள பெண்களுக்கு அது 11க்குக் கீழே இருந்தால் கீழே விழும் அபாயம் கூடுதல் என்று கொள்ளப்படுகிறது. மாமியாரால் தொடக்கத்தில் கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை. மூன்றாம் மாத முடிவில் 9 வரை வந்திருக்கிறது. இன்னும் போக வேண்டிய தூரம் உண்டு என்பதை நோட்டே சொல்லிவிடுவதால், "எப்போது நிறுத்தலாம்?" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்பதில்லை.

இயந்திரங்களைப் பொறுத்தவரை என் கருத்து கலவையானது. வலிக்குக் "கரண்ட் வைப்பது" இந்தப் பக்கத்தில் பிசியோ என்பதற்கே மறுபெயர். அதைக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. தொடைத்தசையைச் சுருங்கவைக்கும் மின்தூண்டல் முதல் சில வாரங்களில் பலத்தை மீட்க உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது; அதை இங்கே சரியாகப் பயன்படுத்தினார்கள். காலைத் தானே மடக்கி நீட்டும் இயந்திரத்துக்கோ, வழக்கமான பயிற்சியோடு சேர்த்துத் தந்தாலும் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பயன் ஆய்வுகளில் தென்படவில்லை. அப்படியிருந்தும் அது பேக்கேஜில் தனிக் கட்டணத்தோடு இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னோம், ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றைப் பாராட்ட வேண்டும்: உள்ளே உலோக மூட்டு இருப்பவர்களுக்கு அதன்மேல் ஷார்ட்வேவ் டயாதெர்மி, அதாவது மின்காந்த அலையால் உடலின் உள்ளே சூடேற்றும் சிகிச்சை, கொடுக்கக்கூடாது. முதுகுவலிக்காரர்களுக்கு அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தும் அந்த அறையில், "மூட்டு மாற்றியவர்களுக்கு இல்லை" என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அதே கட்டடத்தில் எண்ணெய் உழிச்சிலுக்கும் (மசாஜ்) ஒரு பிரிவு இருக்கிறது. கேரளத்தில் கர்க்கிடக மாதம் வந்தால் அங்கே கூட்டம் தாங்காது. முன்பகுதியில் ரசீது போடும் ஊழியர், அறுவை செய்த காலுக்கும் ஏழு நாள் கிழி (சூடான மூலிகைப் பொட்டல ஒத்தடம்) போட்டுக்கொள்ளலாமே என்று பரிந்துரைத்தார். உள்ளேயிருந்த பிசியோதெரபிஸ்ட், காயம் முழுதாக ஆறி, அறுவை செய்த மருத்துவர் அனுமதிக்கும்வரை எண்ணெயும் சூடும் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது என்று அதைத் தடுத்துவிட்டார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மேசைகள் இரண்டு விதமாகப் பேசுவது நோயாளிக்கு நல்லதல்ல. நிர்வாகம் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இனி உணவு. மாமியாரின் உயரம் 152 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. உடல் நிறை எண் 32 அளவில் வருகிறது. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று வகைப்படுத்துவதால் குறைக்க வேண்டியது அவசியமே. மையம் தந்த உணவுத்தாளில் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி, இடையில் வெள்ளரிக்காய், முட்டையில் வெள்ளைக்கரு ஒன்று மட்டும் என்று இருந்தது. சர்க்கரை நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் இதே தாளைத்தான் தருவார்களோ என்று நினைக்கும்படி பொதுவாக எழுதப்பட்டது. நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்ததில் ஒரு நாளைக்கு 40 கிராம் புரதத்தைத் தாண்டவில்லை. நலமாக உள்ள வயது வந்தவருக்கே 1 கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைக்கிறது. அறுவையிலிருந்து தேறும் முதியவர்களுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பது பரவலான மருத்துவ அறிவுரை. கோயம்புத்தூர் மருத்துவமனையின் உணவியல் நிபுணர் அவருக்குச் சொன்ன அளவு நாளொன்றுக்கு 70 கிராம். கூடத்தில் எடைப்பட்டை கட்டித் தசையை வளர்க்கச் சொல்லிவிட்டு, தசைக்கு வேண்டிய பொருளைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால், சுவர் கட்டும் கொத்தனாரிடமிருந்து செங்கல்லைப் பிடுங்கிய கதைதான்.

முதல் ஆறு வாரங்களுக்கு எடையைக் குறைக்க முனையாமல் காயம் ஆறவும் தசை தேறவும் சாப்பிட்டு, பிறகு மெதுவாகக் கலோரியைக் குறைப்பதே ஏற்ற வரிசை. அதற்கு நம் சமையலறையில் இருப்பதே போதும். கஞ்சியும் பயறும் இந்த மண்ணின் உணவு; அதில் கஞ்சியைக் குறைத்துப் பயறைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது. வேகவைத்த பச்சைப்பயறு 100 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் புரதம், முழு முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், மத்தி மீன் 100 கிராமில் 20 கிராம் அளவில் கிடைக்கும். மத்தியை வறுக்காமல் குடம்புளி போட்டுக் குழம்பு வைத்தால் எண்ணெயும் மிச்சம். தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கே 120 கலோரி என்பதை மறக்கக்கூடாது. தாளிப்புக்கு ஊற்றி, இறக்கியபின் மேலாகவும் ஊற்றுவது நம் வழக்கம். எங்கள் வீட்டில் உண்மையான எதிரி அதுவுமல்ல. உடம்பு விசாரிக்க வருகிற ஒவ்வொருவரும் கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வருகிறார்கள். 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கும் அதைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொறித்தால் கூடத்தில் செய்த பயிற்சி எந்த மூலைக்கு?

இந்தக் கணக்குகள் எதையும் மையத்தில் யாரும் பேசவில்லை. வாரந்தோறும் எடை மட்டும் பார்க்கிறார்கள். முதல் வாரங்களில் கால் வீக்கத்தில் நீர் கோத்திருப்பதாலேயே எடை சற்றுக் கூடித் தெரியும் என்பதை விளக்காமல், "கூடியிருக்கே, குறைங்க" என்று சொன்னதில் மாமியார் ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். இதை நான் மையத்தின் பெருங்குறையாகக் கருதுகிறேன். புது மூட்டு வைத்தவுடன் எடை தானாக இறங்கும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அப்படி இறங்குவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களில் 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை 4 கிலோ குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். மாற்றாத மற்றொரு முழங்காலும் தேய்ந்துதான் இருக்கிறது என்பதால், அதை இரண்டாவது அறுவையிலிருந்து காப்பாற்றும் வாய்ப்பு இந்த எடைக்குறைப்பில்தான் இருக்கிறது. இவ்வளவு நல்ல பயிற்சியாளர்கள் இருக்கும் இடத்தில், வாரம் ஒரு நாளாவது உணவியல் நிபுணர் ஒருவர் வந்துபோக ஏற்பாடு செய்வது முடியாத காரியமல்ல.

இடவசதி சுமார். நுழைவில் சாய்தளம் உண்டு; ஆனால் செங்குத்து அதிகம், மழை பெய்தால் டைல்ஸ் வழுக்கும். கழிப்பறையில் தரைமட்டப் பீங்கான்தான், அதன்மேல் ஆடுகிற பிளாஸ்டிக் கமோடு நாற்காலி. மூட்டு மாற்றியவர்கள் குந்தவே கூடாது என்று சொல்லித்தரும் இடத்தில் இது இருப்பது வேடிக்கை. வீட்டுப் பயிற்சித்தாள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பள்ளியில் படித்த முதியவர்கள். படம் போட்டுத் தமிழிலும் ஒரு பக்கம் அச்சிட எவ்வளவு ஆகிவிடும்?

கட்டணம் ஓர் அமர்வுக்கு 400 ரூபாய். பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டினால் கொஞ்சம் குறைக்கிறார்கள். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்து, கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது. பிசியோவுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. அறுவைக்கான பேக்கேஜிலும் பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கான பயிற்சி மட்டுமே அடங்கும். ஆகவே அறுவைக்குப் பணம் ஒதுக்கும்போதே மூன்று மாதப் பிசியோவுக்கும் சேர்த்து ஒதுக்கிவிடுவது நல்லது. முழு முன்பணம் கட்டாமல் ஐந்து அமர்வு பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதற்கு இவர்கள் முகம் சுளிப்பதில்லை.

போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசி எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அவை இல்லாமல் கட்டிலில் ஏற்ற மாட்டார்கள். கெண்டைக்காலில் புது வலியோ வீக்கமோ, காய்ச்சலோ, தழும்பில் கசிவோ இருந்தால் பயிற்சிக்குப் போகாமல் நேரே அறுவை செய்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுக்கிறார்கள், அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். காலை பத்து மணிக்குள் போனால் மூத்த பிசியோதெரபிஸ்டே பார்ப்பார். மாலையில் பயிற்சி மாணவர்கள் இருப்பார்கள். ஓணத்தை ஒட்டிச் சில நாட்கள் மூடிவிடுவார்கள் என்பதால், அந்நாட்களுக்கான வீட்டுப் பயிற்சியையும் எடைப்பட்டையின் அளவையும் முன்கூட்டியே நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.