அம்மாவின் ஊசி இரண்டிலிருந்து ஒன்றானது

மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவுக்கு 79 வயது. பல வருஷமாக 30/70 கலவை இன்சுலின்தான்: காலையில் 24 யூனிட், ராத்திரி 16. இந்த முறை ஊருக்குப் போனபோது கோயில், கல்யாணம் எல்லாவற்றையும்விட அம்மாவின் சர்க்கரை வைத்தியத்துக்குத்தான் அதிகம் அலைந்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரின் மருந்துகளைக் கவனிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

விடிகாலையில் அம்மா சில நாள் பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தார். வயசான மறதி என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை 52க்கு இறங்கியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம்; தெளிந்துவிட்டார். கலவை இன்சுலினில் சாப்பாட்டுக்கென்று வேகமாக வேலை செய்யும் பங்கு உண்டு. போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். அம்மாவோ ராத்திரி ஒரு இட்லியோடு எழுந்துவிடுவார். வயதானவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வியர்வை, படபடப்பு எதுவும் தெரியாமல் நேரே குழப்பத்தில் கொண்டுபோய் விடலாம்.

வழக்கமாகப் போகும் கிளினிக்கில் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 6.4 என்று பார்த்து, நல்ல கண்ட்ரோல் என்று பாராட்டி அனுப்பியிருந்தார்கள். ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு. இன்சுலின் போடும் இந்த வயதுக்காரருக்கு 6.4 வந்தால், அடிக்கடி இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டாமா?

அப்புறம் கும்பகோணத்தில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரைப் பார்த்தோம். டோக்கன் வாங்கி நெடுநேரம் உட்கார வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே அவர் அவசரப்படவில்லை. "அம்மா, வீட்ல எப்படி மருந்து எடுப்பீங்களோ அப்படியே எடுத்துக் காட்டுங்க" என்று சிரிஞ்சைக் கையில் கொடுத்தார். அம்மாவுக்குக் கோடு தெரியவில்லை, விரலும் நடுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் சீட்டையே கையில் எடுத்தார்.

கலவை இன்சுலினை நிறுத்திவிட்டு, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின், காலையில் மட்டும் ஒரே ஊசி. மொத்தம் 40 யூனிட்டில் எழுபது சதவீதம், அதாவது 28. சிறுநீரக ரிப்போர்ட் சரியாக இருந்ததால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தொடர்கிறது. வெறும் வயிற்றில் 90 முதல் 150 வரை இருந்தால் போதும் என்றார். வாரத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்: பாதி நாட்களுக்கு மேல் 150 தாண்டினால் 2 யூனிட் கூட்டுவது, இரண்டு நாளுக்கு மேல் 80க்குக் கீழே போனால் 2 குறைப்பது. மூன்று மாத சராசரி 8க்குள் இருந்தால் அம்மாவுக்குப் போதுமாம். இது அம்மாவின் உடம்புக்குப் போட்ட கணக்கு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று சிரிஞ்ச். நம்மூர் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். நான் இருக்கும் நியூஜெர்சியில் குப்பியும் மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. இங்கிருந்து சிரிஞ்ச் வாங்கிப்போய் ஊர்க் குப்பிக்குப் போட்டால் மருந்து பாதிக்கும் குறைவாக ஏறும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறும், அது உயிருக்கே ஆபத்து. ஊரில் ஒரு மருந்துக் கடையில் கேட்காமலே ஆரஞ்சு மூடியை எடுத்துக் கொடுத்தார்கள், சொல்லி மாற்றினோம். இப்போது அம்மாவுக்குக் கிளார்ஜினை சிரிஞ்சில் எடுக்காமல் இன்சுலின் பேனாவில் போடுவதால் அந்தக் குழப்பம் இல்லை. திருகும்போது யூனிட்டுக்கு ஒரு 'டிக்' சத்தம் கேட்கிறது. அம்மா எண்ணிக்கொள்கிறார், பக்கத்தில் உதவிக்கு இருப்பவர் எண்ணைப் பார்த்துச் சொல்கிறார். குப்பியைவிட விலை அதிகம், அதை மறைக்க முடியாது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பெண் எனக்கு மிகவும் பிடித்துப்போனார். 2021இல் தொடங்கிய திட்டம் அது. பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவரிடம் புதுச் சீட்டைக் காட்டி, பழைய இன்சுலினை நிறுத்தியாச்சு என்று சொன்னதும் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். "பாட்டி, ராத்திரி ஊசி இனி கிடையாது, மறந்து போட்டுடாதீங்க" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். மிச்சமிருந்த பழைய குப்பிகளையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கச் சொன்னது அவர்தான்.

காலை அளவை வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள். 118, 131, 126 என்று வருகிறது. அடுத்த மாதம் கும்பகோணத்தில் மறுபடி காட்ட வேண்டும். தம்பி கூட்டிப் போகிறான்.