‘3 இன்ச் பைப், ஹெவி’ என்று மட்டும் எழுதிய பெர்கோலா கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள்

சென்னைப் புறநகரில் ஒரு வீட்டுக்காரர் பெர்கோலாவுக்கு (தூண்களின் மேல் சட்டங்கள் போட்ட திறந்த பந்தல்) வாங்கிய கொட்டேஷனில் இருந்தது இவ்வளவுதான்: “12-க்கு 10 அடி பெர்கோலா, 3 இன்ச் ஸ்கொயர் பைப் தூண் 4, ஹெவி.” பைப்பின் தகடு எத்தனை மி.மீ. தடிமன் என்று ஒரு சொல் இல்லை. சதுர அடிக் கணக்கில் பேசி, முழுப் பணமும் கைமாறிவிட்டது. வேலை முடிந்த மறுநாள் தூணைக் கையால் தள்ளினாலே மேல்சட்டம் ஆடியது. தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் தகடு 1.6 மி.மீ., அதாவது 16 கேஜ். கேட்டதற்கு வந்த பதில்: “3 இன்ச்தானே சார் சொன்னோம், 3 இன்ச்தானே இருக்கு.”

ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். வெளி அளவு நம் கண்ணுக்குத் தெரியும், தகடு தெரியாது. மூடியும் பெயின்டும் அதை மறைத்துவிடும்.

தராசு மறைக்காது. 75-க்கு 75 மி.மீ. பைப் 20 அடி நீளம் ஒன்று 3 மி.மீ. தகட்டில் சுமார் 41 கிலோ இருக்கும். 2 மி.மீ. என்றால் 27 அல்லது 28 கிலோ, 1.6 என்றால் 22 கிலோ. கடைக்காரர்கள் 3 இன்ச் என்று 72 மி.மீ. பைப்பையும் கொடுப்பார்கள், அதில் ஓரிரு கிலோ குறையும். ஒன்பதடித் தூண் நான்கில் 3 மி.மீ.க்குப் பதில் 1.6 போட்டால் மிச்சமாவது 34 கிலோ இரும்பு. இந்த 34 கிலோவுக்காகத் தூணின் விறைப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே போய்விடுகிறது. சிலர் 2 இன்ச் பைப்பையே 16 கேஜில் நட்டுவிட்டுப் போகிறார்கள். அது 3 இன்ச், 3 மி.மீ. தூணின் விறைப்பில் ஆறில் ஒரு பங்குதான். உயரத்தையும் கவனியுங்கள்: எட்டடித் தூணைப் பத்தடியாக்கினால், அதே தள்ளலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆடும்.

மேலே வெறும் சட்டங்கள் மட்டும், உயரம் எட்டு எட்டரை அடி, தூணுக்குத் தூண் பத்தடி என்றால் 3 இன்ச், 2 மி.மீ. போதும். பாலிகார்பனேட் ஷீட்டோ (பிளாஸ்டிக் கூரைத் தகடு) படரும் கொடியோ ஏற்றுவதாக இருந்தால் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கடலோர மாவட்டங்களில் ஷீட் போட்டால் 4 இன்ச், 3 மி.மீ. என்று கேளுங்கள், ஒரு பொறியாளரிடமும் காட்டிவிடுங்கள். ஊஞ்சல் மாட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். அது தூணைப் பக்கவாட்டில் இழுக்கிற சுமை.

அந்த வீட்டில் இன்னொரு மோசமும் நடந்திருந்தது. தூணின் அடியில் வெல்டு செய்து போல்டால் இறுக்கும் இரும்புத் தகடான பேஸ் பிளேட் கிடையாது. ஓரடிக் குழியில் பைப்பை நேராக இறக்கிக் கான்கிரீட் கொட்டியிருந்தார்கள். ஓரடிக் கன கான்கிரீட் 68 கிலோ, நான்கும் சேர்ந்து 272 கிலோ. கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலையில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. 120 சதுர அடி ஷீட் கூரையில் இதில் பாதி மேல்நோக்கி இழுத்தாலும் 800 கிலோவுக்கு மேல் வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியதைப் பார்த்த ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. குழி ஒன்றரை அடிச் சதுரம், இரண்டடி ஆழம் இருந்தால் ஒன்றுக்கு 300 கிலோ கிடைக்கும். மண்ணுக்குள் இறக்கிய பைப் தரைமட்டத்தில்தான் முதலில் துரு தின்னும். உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லை. கான்கிரீட்டைத் தரைக்கு மேல் நாலு அங்குலம் தூக்கி, 8 அங்குலச் சதுர, 10 மி.மீ. பிளேட்டை கான்கிரீட்டில் பதியும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கில் இறுக்கச் சொல்லுங்கள். பிளேட்டில் தூணின் நான்கு பக்கமும் முழு வெல்டிங் ஓட வேண்டும், பொட்டு வைத்துவிட்டுப் போகக் கூடாது.

ரேட்டைக் கிலோக் கணக்கில் பேசி எடைச்சீட்டு கேளுங்கள். சரக்கு இறங்கும்போது, பெயின்ட் அடிக்கும் முன்பே, வெட்டிய முனையில் வெர்னியர் வையுங்கள். கொட்டேஷனில் ‘75 x 75 x 3 மி.மீ.’ என்று மூன்று எண்ணும் இருக்கட்டும். ‘கேஜ்’ என்று எழுதினால் 14 கேஜ் 2 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. என்பதை நினைவில் வையுங்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும்.

ஏற்கெனவே மெல்லிய தூணில் மாட்டிக்கொண்டவர்கள், “உள்ளே கான்கிரீட் ஊற்றித் தருகிறோம்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடிப்பக்க வெல்டிங்கும் போல்டும் அதனால் மாறப்போவதில்லை. தூணும் மேல்சட்டமும் சேரும் ஒவ்வொரு மூலையிலும் இரண்டடி நீளச் சாய்வு முட்டு இரண்டு திசையிலும் வெல்டு செய்யுங்கள், ஆட்டம் வெகுவாகக் குறையும். அடித்தளம் சிறியதாக இருந்தால் ஷீட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டமாகவே விடுங்கள்.