ஐடிஐ எலக்ட்ரீஷியனுக்கு முதல் வேலை: அப்ரண்டிஸா, ஒயரிங் கான்ட்ராக்டரா, ஏஜென்சியா?

போன மாதம் அக்கா மகன் போன் பண்ணினான். எலக்ட்ரீஷியன் பிரிவில் 2 வருடம் முடித்து, என்டிசி (தேசியத் தொழிற்சான்றிதழ்) கைக்கு வந்திருக்கிறது. "மாமா, மூணு இடத்துல கூப்பிடுறாங்க. எதுல சேரட்டும்?" ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். ஊரிலேயே ஒரு ஒயரிங் கான்ட்ராக்டரிடம் ஹெல்பர். சென்னை ஐடி பார்க் ஒன்றில் ஏஜென்சி மூலமாக ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன். மூன்றில் சம்பளம் அதிகம் ஏஜென்சியில்தான். அவன் மனசும் அங்கேதான் இருந்தது.

முதல் இரண்டிலும் நானே இருந்திருக்கிறேன். மூன்றாவதில் இருப்பவர்களோடு தினமும் வேலை பார்க்கிறேன். சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதே என்று அவனிடம் சொன்னேன். முதல் 2 வருடத்தில் கைக்கு என்ன தொழில் வருகிறது, ஃபைலுக்கு என்ன காகிதம் வருகிறது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். பின்னால் எங்கே போனாலும் இவைதான் கூட வரும்.

கைத்தொழில் வேகமாக வருவது கான்ட்ராக்டரிடம். மறுநாள் ஸ்லாப் கான்கிரீட் என்றால் முந்தின நாளே மொட்டை மாடியில் நிற்போம். கம்பி கட்டி முடித்த சென்ட்ரிங்மேல் பைப்பை இழுத்து, ஃபேன் பாக்ஸைக் கம்பியோடு இறுக்கிக் கட்டி, பாக்ஸுக்குள் சிமென்ட் பால் இறங்காமல் வாயை அடைத்து வைக்க வேண்டும். பைப்பில் ஒரு வளைவு நசுங்கியிருந்தாலும் அன்றைக்குத் தெரியாது. சென்ட்ரிங் பிரித்து, பூசி முடித்து, ஒயர் இழுக்க ஸ்பிரிங்கை விடும்போது பாதியில் நின்றுவிடும். அப்புறம் சுவரையோ கூரையையோ உடைக்க வேண்டியதுதான். எந்த லோடுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், எதற்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் ஏன் தனி லைன் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் மனப்பாடமாகிவிடும். வீட்டுக்காரரிடம் பேசத் தெரியும், எஸ்டிமேட் போடத் தெரியும். பின்னாளில் சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு இதற்கு ஈடான பள்ளிக்கூடம் இல்லை.

ஆனால் காகிதம் வராது. நான் 2 வருடம் வேலை செய்த கான்ட்ராக்டரிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டபோது, "அதெல்லாம் நான் யாருக்கும் குடுக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டார். அவருடைய லைசென்ஸே வேறொருவர் பெயரில் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த 2 வருடத்துக்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. தமிழ்நாட்டில் கம்பியாளர் (ஒயர்மேன்) தகுதிச் சான்றும் மேற்பார்வையாளர் சான்றும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். அங்கே விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியது தாளில் இருக்கும் அனுபவம். அதனால் கான்ட்ராக்டரிடம் சேருவதாக இருந்தால், உரிமம் அவர் பெயரில் இருக்கிறதா, விட்டுப் போகும்போது எழுதித் தருவாரா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அப்ரண்டிஸ் கதை இதற்கு நேர் எதிர். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி எலக்ட்ரீஷியன் பிரிவில் பழகுநராகச் சேர்ந்தால், ஐடிஐ முடித்தவருக்கு ஒரு வருடப் பயிற்சி. முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதி என்ஏசி (தேசியப் பழகுநர் சான்றிதழ்) வாங்கலாம். உதவித்தொகை குறைவு. 2019 விதிப்படி ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7000 ரூபாய் என்று வைத்தார்கள். பல நிறுவனங்கள் அதற்குமேல் தருகின்றன. வெளியூரில் அறை எடுத்துத் தங்கினால் அதில் மிச்சம் பிடிப்பது கஷ்டம். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பழகுநர் 'தொழிலாளி' கணக்கில் வரமாட்டார் என்பதால் பிஎஃப் கிடையாது. பயிற்சியில் அடிபட்டால் மட்டும் இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு.

இவ்வளவு குறைகளோடும் நான் இதைத்தான் முதலில் வைப்பேன். காரணம், மெயின்டனன்ஸ் பிரிவில் கிடைத்த ஓர் இரவு. 415 வோல்ட் மோட்டார் ஒன்று ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளம்பும், முழு வோல்டேஜ் கிடைக்கும் டெல்டா இணைப்புக்கு மாற வேண்டிய நொடியில் தளர்ந்து நின்றுவிடும். ஐடிஐயில் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரை நான் எத்தனையோ தடவை பலகையில் இணைத்திருக்கிறேன். பேனல் கதவைத் திறந்தபோது ஒன்றும் புரியவில்லை. பாதி ஒயர்களில் அடையாளத்துக்கு மாட்டும் ஃபெரூல் நம்பரே இல்லை. கூட வந்த சீனியர் மீட்டரை எடுக்கவே இல்லை. முதலில் ஆபரேட்டரிடம், "மாறும்போது டக்குன்னு எத்தனை சத்தம் வருது?" என்று கேட்டார். ஒரு சத்தம்தான் என்றார் அவர். ஸ்டார் கான்டாக்டர் (காயிலின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) விடுகிறது, டெல்டா பிடிக்கவில்லை. டிராயிங்கை விரித்து டெல்டா காயிலுக்கு வரும் வழியில் விரலை வைத்துக்கொண்டே போனார். அந்த வழியில், ஸ்டார் விடும்வரை டெல்டாவைப் பிடிக்கவிடாத இன்டர்லாக் கான்டாக்ட் ஒன்று ஸ்டார் கான்டாக்டரில் இருந்தது. சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, டேக் மாட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் அது கரி பிடித்திருந்தது. இருபது நிமிட வேலை. சத்தத்திலிருந்து டிராயிங், டிராயிங்கிலிருந்து கை என்ற அந்த வரிசையை நான் வேறெங்கும் கற்றிருக்க முடியாது.

ஆனால் எல்லா அப்ரண்டிஸும் இப்படி இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெயர் அப்ரண்டிஸ், வேலை அசெம்ப்ளி லைனில் ஸ்க்ரூ முடுக்குவது என்றால் ஒரு வருடம் வீண். ஒப்பந்தத்தில் பிரிவு 'எலக்ட்ரீஷியன்' என்று இருக்கிறதா, அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் அந்த ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். என்ஏசி கிடைப்பது அரசு குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளுக்குத்தான். இன்டர்வியூவிலேயே எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ஒருமுறை இந்தச் சட்டத்தின்கீழ் பயிற்சி முடித்தவரை மறுபடி பழகுநராக எடுக்கமாட்டார்கள். பெரம்பூர் ஐசிஎஃப், பொன்மலை பணிமனை, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்ற இடங்கள் மனதில் இருந்தால், கிடைத்த தனியார் கம்பெனியில் அவசரமாக அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள். ரயில்வேயில் பழகுநருக்கு மேல் வயது வரம்பு பொதுவாக 24. அங்கே பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 (ஆரம்ப நிலை) வேலைகளில் 20 சதவீதம் ஒதுக்கீடும் உண்டு.

ஏஜென்சி வேலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐடி பார்க், மால், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் ஷிஃப்டுக்கு ஒருவராக நிற்கும் வேலை. டிரான்ஸ்ஃபார்மர், எச்டி (உயர் அழுத்த) பேனல், டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்) எல்லாம் கண்ணெதிரே இருக்கும். மாதச் சம்பளம் தேதிக்கு வரும். பிஎஃப் உண்டு. சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐ உண்டு. வீட்டில் இந்த மாதமே பணம் வேண்டும் என்ற நிலை இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம், அதில் தவறே இல்லை. ஆனால் பழுது என்றால் வெளியிலிருந்து சர்வீஸ் ஆள் வருவார். நீங்கள் லாக் புக்கில் ரீடிங் எழுதுவீர்கள், டியூப் மாற்றுவீர்கள். அந்த சர்வீஸ் ஆள் வரும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்று கேட்டுத் தெரிந்துகொள்பவருக்கு மட்டும் இந்த வேலை தொழிலாகிறது. மற்றவர்கள் மூன்று வருடம் கழித்தும் சேர்ந்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

வளைகுடாவை முதல் வேலையாக யோசிக்க வேண்டாம். அங்கே பொதுவாக 2, 3 வருட அனுபவம் கேட்கிறார்கள், டிரேட் டெஸ்ட் என்று செய்முறைத் தேர்வும் வைக்கிறார்கள். மின்வாரியத்தில் கள உதவியாளர் அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள், கம்பம் ஏறிப் பழகுங்கள். ஆனால் அதற்காக வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

அக்கா மகனிடம் அப்ரண்டிஸ் என்றேன், மெயின்டனன்ஸ் பிரிவு என்று எழுத்தில் தந்தால் மட்டும். வீட்டில் ஒரு வருடம் தாங்க முடியுமா என்று அக்காவிடமும் பேசினேன். முடியாது என்றிருந்தால் உரிமம் உள்ள ஒரு கான்ட்ராக்டரைத் தேடச் சொல்லியிருப்பேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியனும் பதியலாம். சேர்ந்த உடனே பதியச் சொல்லியிருப்பேன்.

எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்தில் ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன். சப்ளையை நிறுத்திவிட்டு வேலை செய்கிறார்களா? "லைன் இருக்கட்டும், பார்த்துப் பண்ணு" என்று மேஸ்திரியோ இன்ஜினியரோ சொன்னால், அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு, அடுத்த வேலையை நான் தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.