பாளையங்கோட்டையில் ஒரு கர்னல் சாரின் அரசியலமைப்பு வகுப்பு

ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் தைரியமாக எழுதலாம். மகாராஜ நகர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் சனி, ஞாயிறு காலை 6 மணிக்கு வகுப்பு. சொல்லித் தருகிறவர் ராணுவத்தின் சட்டப் பிரிவில், ஜாக் என்பார்களே அதில், இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறவர்களும் என்னைப் போல ஜில்லா கோர்ட்டில் ஜூனியராக இருப்பவர்களுமாகப் பதினைந்து பேர் இருக்கிறோம்.

இதற்கு முன் வேறொரு இடத்தில் பணம் கட்டினேன். அங்கே கேசவானந்த பாரதி வழக்கென்றால் "1973, 13 நீதிபதிகள், 7-க்கு 6", அவ்வளவுதான். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற அந்தத் தீர்ப்பை ஆறு பேர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டால் பரீட்சைக்கு வராது என்றார்கள். இங்கே சார் முதல் நாளே போர்டில் 33 என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டார். படைகளில் இருப்பவர்களுக்கு அடிப்படை உரிமைகளை எந்த அளவு குறைக்கலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் போட இடம் தருகிற பிரிவு அது. ராணுவச் சட்டம் 1950-இன் 21-ஆம் பிரிவையும் பேச்சு, சங்கம் சேர்வது போன்ற சுதந்திரங்களைத் தருகிற அரசியலமைப்பின் 19-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சங்கம் சேர்வது, பத்திரிகையிடம் பேசுவது என்று சிப்பாய்க்கு எதெல்லாம் கட்டுப்படுகிறது என ஒவ்வொன்றாக வாசித்தோம். மூன்று வருடம் சட்டக் கல்லூரியில் படித்த 19 எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

ரஞ்சித் தாக்கூர் வழக்கு (1987) நடத்திய நாளை மறக்க முடியாது. தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை மேஜையில் வைத்து, "சாப்பிடுன்னு மேலதிகாரி சொல்லுதாரு, நீ மாட்டேங்க. இதுக்கு என்னடே தண்டனை?" என்றார். நாங்கள் சிரித்தோம். சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்த தாக்கூர் என்ற அந்த சிக்னல்மேனுக்கு (ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவுச் சிப்பாய்) கிடைத்தது ஒரு வருடக் கடுங்காவல், வேலையும் போனது. விசாரித்தவர்களில் ஒருவர் அவர் யார் மீது புகார் எழுதினாரோ அந்த அதிகாரியே. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருதலைப்பட்சம், குற்றத்துக்கு ஒவ்வாத தண்டனை என்ற இரண்டு பெரிய விஷயமும் அந்த இட்லியோடு மனதில் உட்கார்ந்துவிட்டன.

அப்புறம், ஐந்து பேரை கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற உறுப்பினர்களாக உட்கார வைப்பார், இன்னொருவர் ஜட்ஜ் அட்வகேட், சட்டம் சொல்லலாம், ஓட்டு கிடையாது. அங்கே பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும், பெரியவர் சொன்னதைக் கேட்டு மாறிவிடக் கூடாது என்பதற்காக. வகுப்பிலும் அதே விதி. சேரன்மகாதேவியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிற ஒரு பிள்ளை இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. வயதில் சின்னவள் என்பதால் அவளிடம்தான் முதலில் கேட்டார். எழுந்து, உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு மேல்முறையீட்டிலிருந்து 136(2)-உம், உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து 227(4)-உம் ராணுவ நீதிமன்றங்களை விலக்கி வைத்தாலும் 226-இல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு வழி இருக்கிறதே சார் என்றாள். பேர் ஆக்டை (உரை எதுவும் இல்லாத சட்டப் புத்தகம்) பிடித்திருந்த அவள் கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. எங்களுக்கு எல்லோருக்கும் சந்தோஷம்.

குறைகளும் உண்டு. நோட்ஸ் தரவே மாட்டார். மத்திய மாநில நிதி உறவுகளை ஒரே நாளில் ஓட்டிவிட்டார், அதற்கு நீங்களேதான் உட்கார்ந்து படிக்க வேண்டும். பேச்சில் பாதி நேரம் இந்தி கலந்துவரும், வடக்கே இருந்து பழகியது. முக்கியமாக, 6 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். திசையன்விளை, வள்ளியூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், அவரிடமே சொல்லிவிட்டேன், இன்னும் மாறவில்லை. அடுத்த ஞாயிறு கூடங்குளம் அணு உலை வழக்கின் 2013 தீர்ப்பு. உயிர் வாழும் உரிமையைச் சொல்கிற அரசியலமைப்பின் பிரிவு 21-ஐ மனதில் வைத்து முழுவதும் வாசித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். புதிதாகச் சேர்கிறவர்கள் அன்றைக்கே வரலாம், பேர் ஆக்ட் இல்லாமல் மட்டும் மாடி ஏறாதீர்கள்.