சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு: கட்டு மாற்றும் செவிலியரின் மதிப்பீடு

தடவியவுடன் குளிர்ச்சியாக இருக்கிறது என்பதுதான் தீக்காயங்களுக்குப் பூசும் இந்த 1% களிம்பைப் பற்றி நோயாளிகள் முதலில் சொல்வது. எரிச்சலில் துடிப்பவருக்கு அது சிறிய ஆறுதல் அன்று. 1968-ல் ஆய்வாளர் சார்ல்ஸ் ஃபாக்ஸ் இதை அறிமுகப்படுத்துவதற்கு முன் பயன்பட்ட 0.5% சில்வர் நைட்ரேட் கரைசல், பட்ட இடத்தையெல்லாம் கறுப்பாக்கியதோடு உடலின் சோடியத்தையும் காயத்தின் வழியே இழுத்துவிடும். மாஃபெனைடு என்ற மற்றொரு தீக்காய மருந்து, கருகிய தோலை ஊடுருவுவதில் இன்றும் இதைவிடச் சிறந்தது. ஆனால் தடவும்போது கடுமையாக எரியும், இரத்தத்தில் அமிலத்தன்மையையும் கூட்டக்கூடும். சூடோமோனாஸ் உள்ளிட்ட பலவகைக் கிருமிகளை வலியின்றி அடக்குவது இக்களிம்பின் உண்மையான பலம்.

இதன் குறை கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும். காயத்தில் கசியும் நீரோடு களிம்பு கலந்து, மஞ்சளும் சாம்பலும் கலந்த வழுவழுப்பான படலமாகப் படிந்துவிடுகிறது. பழக்கமில்லாதவர் அதைச் சீழ் என்றோ அழுகிய திசு என்றோ எண்ணி அஞ்சுவார். பழகியவருக்கும் அதற்கடியில் உள்ள காயத்தின் ஆழத்தைக் கணிப்பது கடினம். ஆகவே ஒவ்வொரு முறையும் பழைய களிம்பை முழுவதும் கழுவி நீக்கிய பின்னரே, கிருமி நீக்கிய கையுறையுடன், ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதிதாகப் பூச வேண்டும். நாளுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ இதைச் செய்ய வேண்டியிருப்பதால், வலிநிவாரணி வேலை செய்யத் தொடங்கிய பிறகே கட்டில் கை வைப்பது நல்லது. தீக்காயச் சிறப்பு மையத்துக்கு அனுப்பவிருக்கும் நோயாளிக்கு இதைத் தடவி அனுப்புவதை நான் ஏற்பதில்லை. அங்குள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, நாம் பூசியதைச் சுரண்டி எடுப்பதாகிவிடும்.

சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. தொடங்கிய இரண்டு மூன்று நாள்களில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை குறையலாம். பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும் என்றாலும், இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கவனித்து மருத்துவரிடம் தெரிவிப்பது நம் பொறுப்பு.

மேலோட்டமான தீக்காயத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புதுத்தோல் வளர்வதை இது தாமதப்படுத்துகிறது. அத்தகைய காயங்களுக்குப் பல நாள்கள் பிரிக்காமல் விடக்கூடிய வெள்ளிக் கட்டுத்துணிகள், நோயாளிக்கும் நமக்கும் வேதனையைக் குறைக்கின்றன. (அவற்றுள் மிக நுண்ணிய வெள்ளிப் படிகங்கள் பூசிய நானோகிரிஸ்டலின் வகையை உப்புநீரில் நனைக்காமல், கிருமி நீக்கிய சாதாரண நீரில் நனைக்க வேண்டும், அவசரத்தில் இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.) ஆழமான, தொற்றுக்கு இடம் கொடுக்கும் காயங்களுக்கு, அறுவைச் சிகிச்சை நடக்கும் வரையிலான இடைவெளியில், இக்களிம்பு இன்னும் கைகொடுக்கிறது. வெளிச்சம் பட்டுக் கறுத்த களிம்பை மட்டும், டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தாலும், எறிந்துவிடுங்கள்.